வரலாற்றாசிரியரின் இல்லம்

தமிழில் வரலாற்றாசிரியர் என்னும் சொல் இருவரைக் குறிக்கின்றது. வரலாற்று நூல் எழுதுபவரையும் அப்படித்தான் சொல்கிறோம். வகுப்பில் வரலாறு கற்பிப்பவரையும் அப்படித்தான் சொல்கிறோம். இருவரையும் ஒரே சொல்லால் கட்டி வைத்தது நம் மொழி செய்த நன்மை என்றே நான் எண்ணுவதுண்டு. பல்லாண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். விடைத்தாள்களைத் திருத்தி முடித்த பின்னரே நூலைத் திறக்க நேரம் வாய்க்கும். நூலைத் திறந்து பார்த்தால்தான் மறுநாள் வகுப்புக்கு உயிர் வரும். ஆயினும் இவ்விரு பணிகளுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று இருக்கின்றது. பேரறிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் அதற்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. "இன்ன ஆண்டில் மணம் புரிந்தார், இத்தனை மக்கள் பிறந்தனர்" என்று சொல்லிவிட்டு, குறிப்பெழுதுவோர் அவருடைய நூல்களுக்குப் போய்விடுவார்கள். அந்த மக்களுக்குக் காய்ச்சல் கண்டபோது விழித்திருந்தவர் யார், முதிய தாயைப் பார்த்துக்கொண்டவர் யார், நூலின் கையெழுத்துப் படியைச் செம்மையாக்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர்களுள் தலைசிறந்தவர் ஒருவரின் வாழ்வை இந்த மூன்றாவது பக்கத்திலிருந்து இன்று பார்க்க விரும்புகிறேன். அவர் பிரெஞ்சு நாட்டு மார்க் பிளோக். வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்த மாணவர்கள் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள். நிலமானிய முறையைப் பற்றிய அவருடைய பெருநூல் நம் கல்லூரி நூலகங்களிலும் உண்டு. அவர் ஆறு பிள்ளைகளுக்குத் தந்தை என்பதை அறிந்தவர் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள்.

மார்க் பிளோக் 1886-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் லியோன் நகரில் பிறந்தார். தந்தையார் குஸ்தாவ் பிளோக் உரோமானிய வரலாற்றில் புலமை மிக்க பேராசிரியர். குடும்பம் அல்சேஸ் மாகாணத்து யூதக் குடும்பம். 1870-இல் ஜெர்மானியப் படை ஸ்ட்ராஸ்பூர் நகரை முற்றுகையிட்டபோது அதனைக் காக்கப் போரிட்டவர்களுள் குஸ்தாவும் ஒருவர். போரின் முடிவில் அல்சேஸ் ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. ஆகவே அவ்வீட்டுப் பிள்ளைகள் வரலாற்றை இரண்டு இடங்களில் கண்டனர்: தந்தையாரின் புத்தக அலமாரியில் ஒருவகை வரலாறு, இழந்த ஊரைப்பற்றிய பேச்சில் மற்றொரு வகை.

பாரிஸில் உயர்கல்வியும், பெர்லின், லைப்சிக் நகரங்களில் ஓராண்டுப் பயிற்சியும் முடித்த பின், மார்க் பிளோக் மோன்பெலியேயிலும் பிறகு அமியேன் நகரிலும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகப் பணி செய்தார். பல்கலைக்கழகத்துக்கு முன் பள்ளிக்கூடம் என்ற இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1914 ஜூலையில் அமியேன் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் மாணவர்களுக்கு அவர் ஓர் உரை ஆற்றினார். பரிசளிப்பு விழா என்றால் நல்லொழுக்கம் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு அமர்வது எங்கும் வழக்கம். அவரோ சாட்சிகளை எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றிப் பேசினார். ஒரே நிகழ்ச்சியைக் கண்ட இருவர் இருவேறு விதமாகச் சொன்னால் என்ன செய்வது, இருவரும் ஒரே விதமாகச் சொன்னால் அதுவே ஏன் ஐயத்துக்கு இடம் தரலாம் என்பன போன்ற கேள்விகளைப் பள்ளிச் சிறுவர்கள் முன் வைத்தார். மூன்று வாரத்துக்குள் போர் மூண்டது. அந்த உரையைக் கேட்ட சிறுவர்களும் ஆசிரியரும் பொய்ச் செய்திகள் மழையாகப் பொழிந்த நான்கு ஆண்டுகளைக் கடக்க வேண்டியிருந்தது.

சார்ஜென்ட் நிலையில் போருக்குச் சென்ற பிளோக் காப்டனாகத் திரும்பினார். இடையில் நச்சுக் காய்ச்சல் கண்டு பிழைத்தார். வீரத்துக்காக நான்கு முறை பாராட்டுப் பெற்றார். பதுங்குகுழிகளில் வதந்தி எவ்வாறு பிறந்து வளர்கிறது என்பதை அங்கேயே கவனித்து, 1921-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அச்சிட்ட செய்தித்தாளைப் போர்வீரர்கள் நம்ப மறுத்ததால், வாய்வழிச் செய்தி பழங்காலத்தில் இருந்த செல்வாக்கை மீண்டும் பெற்றது என்பது அவர் கண்ட உண்மை. துன்பத்தின் நடுவிலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் பழக்கம் அவரை இறுதிவரை விட்டுப் போகவில்லை.

1919-ஆம் ஆண்டு அவருக்கு இரட்டைத் தொடக்கமாக அமைந்தது. அவ்வாண்டு ஜூலையில் சிமோன் விதால் என்னும் பெண்மணியை மணந்தார். ஆண்டின் இறுதியில், மீண்டும் பிரெஞ்சு நகரமாகிவிட்ட ஸ்ட்ராஸ்பூரின் பல்கலைக்கழகத்தில் பணியமர்ந்தார். தந்தை காக்கப் போராடிய நகரில் மகன் பேராசிரியரானார். அங்கே பதினேழு ஆண்டுகள். 1920-க்கும் 1930-க்கும் இடையில் நான்கு ஆண்மக்களும் இரு பெண்மக்களும் பிறந்தனர். அதே பத்தாண்டுகளில்தான் அவர் பெயரை உலகறியச் செய்த ஆராய்ச்சிகளும் தோன்றின.

மாணவ நண்பர்களே, இந்தக் கணக்கை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். பத்தாண்டில் ஆறு குழந்தைகள். வகுப்புகள், தேர்வுகள், ஆய்வு மாணவர்கள். 1929 ஜனவரியில் நண்பர் லூசியன் ஃபெவருடன் சேர்ந்து 'அன்னால்' என்ற வரலாற்று இதழைத் தொடங்கினார். அதற்காக அவர் எழுதிக் குவித்த மதிப்புரைகளும் குறிப்புகளும் நூற்றுக்கணக்கானவை. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வெளிவந்த நூல்களைப் படித்தார். ஆவணக் காப்பகங்களுக்குப் பயணம் போனார். ஒருவருக்கு நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணி நேரந்தான். இத்தனையும் எப்படி நடந்தது?

விடை சிமோன் அம்மையார். உயர்நிலைப் பொறியாளர் ஒருவரின் மகளாகிய அவர் நன்கு படித்தவர். குழந்தைகளையும் வீட்டையும் நடத்தியதோடு, கணவரின் செயலாளராகவும் இருந்தார். பிளோக்கின் கையெழுத்தைப் படிப்பது எளிதன்று. அதைப் படித்துத் தட்டச்சுச் செய்து, வாக்கியங்களைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியவர் அவரே. நூல்களின் முகப்பில் அவர் பெயர் இல்லை. அக்காலத்துப் பேராசிரியர் வீடுகள் பலவற்றில் இப்படித்தான் நடந்தது. நம் நாட்டிலும் அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தொழிலையும் இல்லறத்தையும் சமன் செய்த அறிஞர் என்று ஒருவரைப் புகழும்போது, அந்தத் தராசைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் என்றும் கேட்பது நியாயம். பிளோக் வீட்டுத் தராசைப் பிடித்தவர் சிமோன் என்பது என் துணிபு.

தந்தை என்ற முறையில் பிளோக் கண்டிப்பானவர். படிக்கும் அறையின் கதவு சாத்தியிருந்தால் பிள்ளைகள் தட்டத் துணியார். பள்ளி மதிப்பெண் குறைந்தால் அவர் முகம் வாடும். ஆயினும் அறிவு வாழ்வும் குடும்ப வாழ்வும் அவரிடம் இரண்டு தீவுகளாகக் கிடக்கவில்லை. 1924-இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரான்சிலும் இங்கிலாந்திலும் மன்னர்கள் கைதொட்டால் கண்டமாலை நோய் தீரும் என்று மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பினர். கழுத்தில் கட்டி கண்ட நோயாளிகள் ஆயிரக்கணக்கில் அரண்மனை வாயிலில் கூடினர். இங்கிலாந்தில் ஆன் அரசியார் 1714-இல் மறையும் காலம் வரையிலும், பிரான்சில் பத்தாம் சார்லஸ் முடிசூடிய 1825 வரையிலும் இவ்வழக்கம் கண்ணுக்குப் புலப்படுகின்றது. நடவாத அற்புதத்தை இத்தனை பேர் எப்படி நம்பினர் என்று ஆராய்ந்த பிளோக்குக்கு, மருத்துவராகிய அவருடைய தமையனார் நோயின் இயல்பை விளக்கி உதவினார். தந்தையாரின் அறிவுரையும் துணை நின்றது. நூல் வெளிவருமுன்னரே, 1922-இல் தமையனாரும் 1923-இல் தந்தையாரும் காலமாயினர். அந்நூல் அரசர்களைப் பற்றியது. அதே சமயம் ஒரு குடும்பம் கூடி ஆக்கிய நூல் என்றும் சொல்லலாம்.

1930-இல் குரூஸ் பகுதியில் ஃபூழேர் என்னும் சிற்றூரில் ஒரு வீடு வாங்கினார்கள். விடுமுறை வந்தால் குடும்பம் முழுவதும் அங்கே. அடுத்த ஆண்டு, 1931-இல், பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் வரலாறு பற்றிய அவருடைய நூல் வெளியாயிற்று. வடக்கே நீண்டு ஒடுங்கிய வயல்கள் வேலியின்றிக் கிடக்கின்றன. மேற்கே புதர்வேலி சூழ்ந்த சிறு வயல்கள். தெற்கே ஒழுங்கற்ற சதுர வடிவங்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உழும் கலப்பையா, கிராமத்தாரின் கூட்டு வழக்கமா என்று கேட்டுத் தொடங்குகிறார். பழைய நில அளவைப் படங்களையே சான்றாகக் கொண்டு, இன்றிலிருந்து நேற்றைக்கு, நேற்றிலிருந்து அதற்கு முந்தைய நாளுக்கு எனப் பின்னோக்கி நடந்து போகிறார். நம் ஊர்க் கர்ணங்கள் கட்டிக் காத்த புலப்படங்களையும் அடங்கல் ஏடுகளையும் வரி வசூலுக்கு மட்டுமே உரியவை என்று கருதிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தக் காகிதங்களுக்குள் உழவர்களின் ஆயிரம் ஆண்டு வழக்கம் படிந்து கிடக்கக்கூடும் என்பதை இந்நூல் எனக்குக் காட்டியது.

ஸ்ட்ராஸ்பூரில் பிளோக்கும் ஃபெவரும் அடுத்தடுத்த அறைகளில் பணி செய்தனர். அப்பல்கலைக்கழகத்தின் பொற்காலம் அது. பின்னர் ஃபெவர் பாரிஸ் சென்றார். பிளோக்கும் உயர்ந்த பீடமாகிய கொலேழ் தெ பிரான்சுக்கு முயன்று இடம் பெறாமல், 1936-இல் சொர்போன் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியரானார். குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. நிலமானிய சமுதாயம் பற்றிய இரு தொகுதிகள் 1939, 1940-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றைப் பற்றிப் பேச வேறொரு நாள் வேண்டும்.

1939-இல் மீண்டும் போர். பிளோக்குக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆறு பிள்ளைகளின் தந்தை. இரண்டில் எதைக் காட்டியும் அவர் படைச் சேவையிலிருந்து விலக்குப் பெற்றிருக்கலாம். அவர் அதை நாடவில்லை. பிரெஞ்சுப் படையிலேயே மிக மூத்த காப்டன் தாமே என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டார். நாட்டுப்பற்று என்று இதைப் போற்றுவோர் பலர். நானும் போற்றுகிறேன். ஆனால் கடைக்குட்டிக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த வீட்டில் அந்த முடிவின் பாரம் யார் தோளில் விழுந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். போர்முனையிலிருந்து மூத்த மகனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்தன. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய தந்தை, தொலைவில் இருந்தபோது மகனோடு வளர்ந்தவன் ஒருவனிடம் பேசுவதுபோலப் பேசினார்.

போரில் அவருக்கு ஒப்படைத்த வேலை, வடக்கே நின்ற முதலாம் படைக்கு எரிபொருள் வழங்கும் பொறுப்பு. 1940 மே மாதத்தில் முனை உடைந்தது. டன்கர்க் கடற்கரையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்று, உடனே வேறு வழியாகப் பிரான்சுக்கே திரும்பினார். ஜூன் மாதம் ரென் நகரில் இருந்தபோது ஜெர்மானியர் நகருக்குள் புகுந்துவிட்டனர். சிறைப்படாமல் தப்ப அவர் செய்த உபாயம் நகைச்சுவை நிரம்பியது. சீருடையைக் களைந்து சாதாரண உடை உடுத்தி, ஒரு விடுதியில் தம் சொந்தப் பெயரையும் பேராசிரியர் என்ற சொந்தத் தொழிலையும் எழுதி அறை எடுத்துக்கொண்டார். நரைத்த தலையும் கண்ணாடியும் கொண்ட அந்தப் பேராசிரியரைப் படைத்தலைவர் என்று எவன் ஐயுறுவான்? பொய்ச்சான்றுகளை ஆராய்ந்தவர், உண்மையையே மறைவிடமாக்கிக் கொண்டார்.

ஃபூழேர் வீட்டுக்குத் திரும்பி, அந்தக் கோடையிலேயே தோல்வியின் காரணங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். கையெழுத்துப் படி நண்பர்களின் பொறுப்பில் மறைந்து கிடந்து, 1946-இல்தான் அச்சேறியது. படைத்தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் அதில் குறைகூறியிருப்பதில் வியப்பில்லை. வியப்பு, தம்மைப் போன்ற ஆசிரியர்களையும் கூண்டில் ஏற்றியதுதான். தம் வேலையைச் செம்மையாகச் செய்தோம், ஆனால் குடிமக்கள் என்ற கடமையைச் செம்மையாகச் செய்தோமா என்று தம் தலைமுறையைக் கேட்கிறார். படிக்கும் அறையின் அமைதி அவருக்கு எவ்வளவு இனித்தது என்பதை அறிந்தோர்க்கு, அந்தக் கேள்வி எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்பது புலனாகும்.

1940 அக்டோபரில் விஷி அரசாங்கம் யூதர் ஆசிரியப் பணி புரியலாகாது என்று சட்டம் இயற்றியது. புலமைக்காக விலக்களிக்கப்பட்ட மிகச்சிலருள் பிளோக்கும் ஒருவர். ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகம் அப்போது கிளேர்மோன் ஃபெரான் நகருக்கு இடம்பெயர்ந்திருந்தது; அங்கே அவர் கற்பித்தார். அந்த மாதங்களில்தான் அவர் வாழ்வின் மிகக் கடினமான கேள்வி எழுந்தது. நியூயார்க்கில் அகதி அறிஞர்களுக்குப் புகலிடம் தந்துவந்த நியூ ஸ்கூல் என்னும் கல்வி நிலையம் அவரைப் பேராசிரியராக வருமாறு அழைத்தது. உயிர் பிழைக்கக் கதவு திறந்தது. பிளோக் கேட்டது ஒன்றே: ஒன்பது பேருக்கும் அனுமதி வேண்டும். தாம், மனைவி, ஆறு பிள்ளைகள், எண்பது வயது கடந்த தாய்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் பேராசிரியருக்கும் மனைவிக்கும் வயதுவராத பிள்ளைகளுக்கும் எளிதில் வழிவிட்டது. வயதுவந்த பிள்ளைகளுக்கும் தாய்க்கும் அந்தச் சலுகை இல்லை. அவர்கள் நீண்ட வரிசையில் காத்திருக்கவேண்டும். பிரெஞ்சு அரசாங்கமோ படைவயதுள்ள ஆண்மக்களை நாட்டைவிட்டு வெளியேற விடாது. கடிதங்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து போயின, வந்தன. தூதரகத்தில் காத்திருப்பு. மாதங்கள் கழிந்தன. சிறியவர்களை அழைத்துக்கொண்டு முன்னே போய்விட்டு, மற்றவர்களைப் பிறகு வரவழைக்கலாமே என்று அறிவு சொல்லியிருக்கும். அக்காலத்தில் பலர் அப்படிச் செய்தார்கள். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. பிளோக் பாதிக் குடும்பத்தோடு கப்பலேற இசையவில்லை. 1941-இல் தாயார் காலமானார். அவ்வாண்டுக் கோடையில் அழைப்பின் காலக்கெடுவும் முடிந்தது.

குடும்பத்தைப் பேணத் தொழிலைக் குறைப்பதும், தொழிலுக்காகக் குடும்பத்தைப் புறந்தள்ளுவதும் நாம் அன்றாடம் காண்பவை. அவற்றை நேர அட்டவணையைக் கொண்டு ஒருவாறு சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறோம். பிளோக்கின் முன் வந்த கேள்விக்கு அட்டவணை பயன்படாது. பேராசிரியர் பிளோக்குக்குக் கதவு திறந்திருந்தது. மகனும் தந்தையுமாகிய பிளோக்குக்கு அது மூடியிருந்தது. அவர் அந்த வாயிலில் தம்மை இரண்டாகப் பிளக்கச் சம்மதிக்கவில்லை. இந்த முடிவை அறிவுடைமை என்பதா, பிடிவாதம் என்பதா? பல முறை எண்ணிப் பார்த்தும் என்னால் தீர்ப்புக் கூற இயலவில்லை. அவரது இடத்தில் நின்றவருக்கே அது தெளிவாகத் தெரிந்திருக்கும்.

சிமோன் அம்மையாருக்கு நுரையீரல் உறையில் நோய் கண்டதால், இதமான காற்றுள்ள தென்கோடி மோன்பெலியே நகருக்கு மாறுதல் கேட்டுப் போனார்கள். தொழில் குடும்பத்துக்கு வழிவிட்ட மற்றோர் இடம் இது. பாரிஸ் வீட்டிலிருந்த நூலகத்தை ஜெர்மானியர் கைப்பற்றிக் கொண்டு போயினர். 'அன்னால்' இதழைத் தொடர்ந்து நடத்தவேண்டுமானால் யூதராகிய பிளோக்கின் பெயர் உரிமையாளர் நிலையிலிருந்து நீங்கவேண்டும் என்று ஃபெவர் வற்புறுத்தினார். கடுமையான கடிதப் போருக்குப் பின் பிளோக் இணங்கி, தம் கிராமத்தின் பெயரையே புனைபெயராக்கி, 'ஃபூழேர்' என்ற பெயரில் எழுதிவந்தார். நட்பு முறியவில்லை, ஆனால் அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

புத்தகங்கள் இல்லை, குறிப்பேடுகள் இல்லை, நாளை என்ன நேருமோ தெரியாது. அந்நிலையில், வரலாற்றாசிரியன் தன் தொழிலை எவ்வாறு செய்கிறான் என்பதை விளக்கும் நூலைத் தொடங்கினார். வரலாற்றினால் என்ன பயன் என்று, தமக்கு நெருங்கிய ஒரு சிறுவன் வரலாற்றாசிரியராகிய தந்தையைக் கேட்ட கேள்வியோடு அது தொடங்குகிறது. குழந்தைத்தனமான கேள்வி என்று அவர் அதைத் தள்ளிவிடவில்லை. நூல் முழுவதுமே அதற்கு விடை தேடும் முயற்சி. அறிஞர் அவைகள் எழுப்பிய கேள்விகளுக்கு அவர் எத்தனையோ விடைகள் எழுதியிருந்தார். தம் கடைசி நூலை வீட்டில் எழுந்த கேள்விக்கு விடையாக எழுதினார். அதைத் தம் தாயின் நினைவுக்கு உரிமையாக்கினார். ஃபெவருக்கு முன்னுரையாக ஒரு கடிதத்தையும் 1941 மே மாதத்தில் எழுதி வைத்தார்.

1942 நவம்பரில் ஜெர்மானியர் தென்பகுதியையும் பிடித்துக்கொண்டதும் ஆசிரியப் பணி முடிந்தது. குடும்பத்தை ஃபூழேரில் விட்டு, 1943-இல் லியோன் சென்று விடுதலை எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார். கையில் தோற்பையும் கைத்தடியும் கொண்டு, கண்ணாடி அணிந்து வந்த ஐம்பத்தாறு வயதுப் பேராசிரியரைக் கண்டு இளைஞர்கள் முதலில் திகைத்தார்களாம். சில மாதங்களில் அவரே அப்பகுதியின் தலைவர்களுள் ஒருவரானார். இரகசியச் செய்திகளை வரிசைப்படுத்துவது, கூட்டங்களுக்கு நாள் குறிப்பது, ஆட்களுக்கு இடம் தேடுவது என எல்லாவற்றிலும் விடைத்தாள் திருத்தும் ஆசிரியரின் ஒழுங்கு இருந்தது. பிள்ளைகளில் மூத்தவர்களும் அவரவர் வழியில் ஆபத்தான பணிகளில் இறங்கியிருந்தனர். அந்த வீட்டில் எல்லாக் கவலைகளையும் ஒருங்கே சுமந்தவர் சிமோன்.

1944 மார்ச் 8-ஆம் நாள் காலை லியோன் பாலம் ஒன்றில் பிளோக் கைதானார். மோன்லுக் சிறையில் கொடிய சித்திரவதை. நுரையீரல் நோயுற்றுக் கிடந்தார். உடல் தேறிய நாட்களில், உடன் அடைபட்டிருந்த இளைஞன் ஒருவனுக்குப் பிரெஞ்சு நாட்டு வரலாற்றைக் கற்பித்தார் என்பார்கள். ஜூன் 16-ஆம் நாள் மாலை முப்பது கைதிகளை லாரியில் ஏற்றி, செயின்ட் திதியே என்னும் ஊருக்கருகே ஒரு வயலில் சுட்டனர். இருவர் மட்டும் உயிர் பிழைத்தனர்.

அந்தக் கடைசி நேரத்தில், பக்கத்தில் நின்று நடுங்கிய பதினாறு வயதுச் சிறுவனின் கையைப் பற்றி, வலிக்காது என்று பிளோக் தேறுதல் கூறினார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. எல்லா நூல்களிலும் அதைக் காணலாம். கேட்டவர் யார், கண்டவர் யார், எவர் வாயிலாக எழுத்தில் வந்தது என்று பிளோக்கே நம்மை வினவியிருப்பார். அவர் மாணவர்கள் அந்தச் செய்தியை அன்போடு நினைவு கூரலாம். அதே நேரத்தில் சான்றைச் சோதிக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்யக் கற்பித்தவர் அவர்.

கணவருக்கு நேர்ந்தது இன்னதென்று அறியாமலேயே, ஜூலை 2-ஆம் நாள் சிமோன் அம்மையார் லியோன் மருத்துவமனை ஒன்றில் புற்றுநோயால் மறைந்தார். இடையில் பதினாறு நாட்களே. பிரெஞ்சு நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனில் பிளோக்குக்கு இடமளிக்கப்படும் என்று 2024 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர் நகரில் குடியரசுத் தலைவர் அறிவித்தார். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குச் சிமோன் நினைவுதான் முதலில் வந்தது.

வயலில் கிடந்தவர்களை அடக்கம் செய்தபோது பெயர்கள் தெரியவில்லை. துணித்துண்டு, கண்ணாடி போன்ற சிறு பொருள்களை ஊரார் எடுத்து வைத்திருந்தனர். நாடு விடுதலை பெற்றபின், 1944-ஆம் ஆண்டின் இறுதியில், மூத்த மகள் அவற்றைப் பார்த்துத் தம் தந்தையாருடையவை என்று அடையாளம் கண்டார். கையெழுத்துப் படியை ஃபெவர் ஒழுங்கு செய்து 1949-இல் வெளியிட்டார். அந்நூலின் ஐந்தாம் அதிகாரத்துக்குத் தலைப்பு இல்லை. நிகழ்ச்சிகளின் காரணங்களைத் தேடுவது எப்படி என்று தொடங்கிய பேச்சு சில பக்கங்களோடு நின்றுவிடுகிறது.